கூப்பிடு தூரத்துக் கடல்

நம்மவர் பயணம் புறப்படுவதற்கு எப்போதும் ஒரு காரணம் வேண்டும். ஹஜ்ஜுக்குப் போவோம், பிழைப்புக்காகக் கடல் கடப்போம், நிக்காஹ் என்றாலும் ஜனாஸா என்றாலும் நள்ளிரவிலும் வண்டி பிடிப்போம், நாகூருக்கு ஒரு நேர்ச்சை இருக்குமானால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். ஆனால் ஓர் ஊரை அந்த ஊருக்காகவே பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டில் யாரேனும் வாயெடுத்தால், "அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்பதுதான் முதற் கேள்வியாக எழும். உறவினர் இல்லாத ஊர் ஊராகவே கருதப்படுவதில்லை. இப்னு பதூதா அவர்களை மேடைதோறும் போற்றுகின்ற சமுதாயம் இது! 1325இல், தம் 21ஆம் வயதில், மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து அப்பெருமகனாரும் ஹஜ்ஜுக்கென்றுதான் புறப்பட்டார். ஹஜ்ஜு நிறைவேறிய பின்னும் அவர் வீடு திரும்பவில்லை. ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே நடந்தவர் நமது மஅபர் கரையிலும் வந்து இறங்கினார். அவர் சென்ற தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கேனும் நம் இல்லத்துப் பெண்மக்கள் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

கடந்த மார்கழியில் நம் இல்லத்தில் இப்பேச்சு எழுந்தது. எட்டாம் வகுப்பில் பயிலும் மகன், வகுப்புத் தோழன் கைபேசியில் அனுப்பிய படங்களைக் காட்டி, கோவாவுக்குப் போக வேண்டும் என்றான். நீலக் கடல், தென்னை வரிசை, மணலில் விரித்த குடைகள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் மகள் உடனே ஒரு தாளை எடுத்து, ரயில் கட்டணம், தங்கும் அறை, மூன்று வேளை உணவு என்று வரிசையாக எழுதிக் கூட்டினாள். கூட்டுத்தொகையை வாய்விட்டுப் படிக்கவில்லை. தாளை நம் பக்கம் திருப்பி வைத்தாள். அவ்வளவில் கோவா முடிந்தது.

"கடல்தானே உனக்கு வேண்டும்? கடலூரில் இல்லாத கடலா?" என்று அவளே தம்பியிடம் கேட்டாள்.

"கடலூரா! அங்கே கலெக்டர் ஆபீசுக்கல்லவா போவார்கள்?" என்றான் அவன்.

பிள்ளை சொன்னதில் பிழையில்லை. சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலூர் நமக்கெல்லாம் மாவட்டத் தலைநகர் மட்டுமே. மனுக் கொடுக்கப் போவோம், வழக்குக்குப் போவோம், பெரிய மருத்துவமனைக்குப் போவோம். வேலை முடிந்தால் அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவோம். மஞ்சக்குப்பத்திலிருந்து சிறிது தூரம் கிழக்கே சென்றால் தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை விரிந்து கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கையில் மனுவோடு போகின்றவனுக்கு அங்கே என்ன வேலை?

ஆயினும் ஒரு காலத்தில் உலகத்தார் கண்ணெல்லாம் அந்த ஊரின்மேல் இருந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராத்தியரிடம் விலைக்கு வாங்கினர். விலைபேசிய முறைதான் வேடிக்கை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற எல்லைவரை உள்ள நிலமெல்லாம் தங்களுக்கு என்பது ஒப்பந்தம். அங்ஙனம் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றும் அப்பெயர்கள் நிலைத்திருக்கின்றன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, 1752வரை ஆங்கிலேயரின் கிழக்குக்கரை ஆட்சிக்கு இக்கோட்டையே தலைமையிடமாயிற்று. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைப் பிடித்துத் தகர்த்தார். இப்போது பார்க்கப் போனால் சில சுவர்களும் செங்கற் சிதைவுகளுமே எஞ்சியுள்ளன. இதையெல்லாம் மகனிடம் சொன்னபோது, பீரங்கிக் குண்டு என்றதும் அவன் கண்கள் அகன்றன. கோவாவை மறந்து, எந்தப் பீரங்கி, எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்கத் தொடங்கினான். பாதி வெற்றி என்று மகள் தாளில் குறித்துக்கொண்டாள்.

எப்போது போவது என்பதில் அதிக விவாதம் இல்லை. நம் கரைக்கு மழை வடகிழக்குப் பருவத்தில் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மாவட்டத்தில் சுற்றுலாத் திட்டம் போடுகிறவர் 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தை மறந்தவராக இருக்க வேண்டும். மார்கழியையும் முழுக்க நம்ப முடியாது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரை கடந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது 2011 டிசம்பர் 30ஆம் நாள். மேலும் மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் ஊர்கொள்ளாக் கூட்டம் திரளும். வாடகை வண்டி கேட்டால் இரட்டை விலை சொல்வார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் முதியோரை மணலில் நிறுத்துவது பாவம். மாசி பிறந்தால் ரமழானை எதிர்நோக்கும் நாட்கள். ஆகவே தை மாதம் என்று முடிவாயிற்று. தையிலுங்கூட நண்பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டி நிற்கும் கரை இது. காலையும் மாலையும் மட்டுமே நடமாட ஏற்றவை.

மகள் எழுதிய முதல் திட்டம் படிப்பதற்கு அழகாகவே இருந்தது. முதல் நாள் காலை பிச்சாவரத்தில் படகு, நண்பகல் பரங்கிப்பேட்டையில் பெரியம்மா வீட்டில் உணவு, மாலை வெள்ளிக் கடற்கரை, இரவு கடலூரில் தங்கல், மறுநாள் கோட்டைச் சிதைவுகள், முதுநகர்த் துறைமுகம், இருட்டுமுன் வீடு. உம்மாவைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: 'பாட்டிம்மா பரங்கிப்பேட்டையில் இறங்கிக்கொள்வார்கள், திரும்பும்போது அழைத்துக்கொள்ளலாம்.'

நமது துணைவியார் அந்தத் தாளை வாங்கி, அடுக்களைக்குக் கொண்டுபோய், உலையை வைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். திரும்பி வந்தபோது தாளின் ஓரமெல்லாம் பென்சிற் குறிகள். "இதை எழுதியது பெண்ணா என்று ஐயமாயிருக்கிறது" என்றார். அவர் கேட்ட கேள்விகளை இங்கே அப்படியே தருவது பயன்தரும். ஏனெனில் இவற்றுக்கு விடை தேடாமற் போடப்படும் திட்டங்களில்தான் நம் பெண்கள், "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பின்தங்கிவிடுகிறார்கள். படகில் ஏறுமுன் பெண்கள் ஒதுங்க இடம் உண்டா, உண்டென்றால் அதற்குக் கதவும் தண்ணீரும் உண்டா? லுஹர் தொழுகை எங்கே? விடுமுறை நாள் மாலையில் ஊரே திரளும் கடற்கரையில், பர்தா அணிந்த நாலு பெண்கள் ஓர் ஓரமாக நிம்மதியாக உட்கார முடியுமா, அல்லது கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வர வேண்டியதா? தங்கும் விடுதியில் மாடிப்படி எத்தனை?

இறுதிக் கேள்வி வேறு வகையானது. "மாமியிடம் யாராவது கேட்டீர்களா, எங்கே இறங்கிக்கொள்ள விருப்பம் என்று?"

உம்மா கூடத்தில் தஸ்பீஹ் மணியோடு அமர்ந்திருந்தார்கள். வயது 78. முழங்கால் வலி, ஆனால் செவிப்புலன் கூர்மையானது. துணைவியார் வாய்மூடுமுன் அங்கிருந்தே விடை வந்தது.

"நான் இன்னும் கடலப் பாத்ததில்லியே."

வீடு அமைதியாயிற்று. உம்மா பிறந்த ஊர் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த ஊர். முற்காலத்தில் மஹ்மூது பந்தர் என்று வழங்கிய துறைமுகம். அங்கே பிறந்து பதினெட்டு ஆண்டு வளர்ந்தவர்கள் கடலைப் பார்த்ததில்லையென்றால் பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. உம்மா விளக்கினார்கள். ஆற்றைப் பார்த்திருக்கிறார்கள். தொலைவில் பாய்மரங்கள் தெரியும். இரவில் எல்லோரும் உறங்கிய பின் காற்று திரும்பினால் இரைச்சல் கேட்கும். ஆனால் கரை ஆண்களுடைய இடம். வலை உலரும், மீன் ஏலம் போகும், அந்நியர் நடமாடுவர். மரைக்காயர் வீட்டுப் பெண் அங்கே போவதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்? மணம் முடிந்து சிதம்பரம் வந்தார்கள். இங்கே கடல் இல்லை.

இதில் நம் நெஞ்சைத் தொட்ட செய்தி இன்னொன்று. உம்மாவின் வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறுவார், ஆண்டுக்கணக்கில் திரும்பமாட்டார். நம்முடைய வாப்பாவும் 1970களில் சிங்கப்பூருக்குப் போனவர்கள். அவர்கள் சென்ற கப்பலின் பெயரே 'சிதம்பரம்'. இந்தியக் கப்பற் கழகம் 1972இல் வாங்கிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓட்டிய அப்பயணக் கப்பல், 1985இல் தீ விபத்துக்குள்ளாகி அத்தோடு ஓய்ந்தது. நம்மவர் எத்தனையோ பேருக்கு அது சோறுபோட்ட கப்பல். சிதம்பரத்து வீட்டு வாசலில் நின்று, சிதம்பரம் கப்பலுக்குக் கணவரை வழியனுப்பிய உம்மா, அந்தக் கப்பலையும் கண்டதில்லை. அது மிதந்த நீரையும் கண்டதில்லை. தந்தையைக் கடல் கொண்டுபோய்த் திருப்பித் தந்தது; கணவரையும் அவ்வாறே. கதவுநிலை வரைதான் அவர்கள் வழியனுப்ப முடிந்தது. அந்நாளைய கடற்கரைப் பட்டினங்களில் இது ஒரு குடும்பத்துக் கதையன்று. திரைகடல் கடந்த மரைக்காயர்களின் புகழை நம் ஏடுகள் நிறையப் பாடியுள்ளன. வாசலில் நின்றவர்கள் கடலைப் பார்த்தார்களா என்று கேட்டெழுதியவரை நாம் கண்டதில்லை.

"பிறகு அது வந்ததே!" என்று உம்மாவே தொடர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலை வந்த ஆழிப்பேரலையைத்தான் குறிப்பிட்டார்கள். அன்று பரங்கிப்பேட்டைச் சுற்றுப்புற மீனவர் கிராமங்களிலிருந்து உயிர்தப்பி ஓடிவந்தவர்களை ஊர் ஜமாஅத்தார் ஏந்திக்கொண்டதும், தேக்குத் தேக்காகச் சோறு சமைத்து வழங்கியதும், கரையொதுங்கிய ஜனாஸாக்களை மதம் பாராமல் எடுத்து அடக்கியதும் நாடறிந்தவை. உம்மா அன்றைக்கு முழுதும் தொலைபேசியருகில் அமர்ந்திருந்தார்கள். உறவினர் அனைவரும் நலம் என்ற செய்தி மாலையில்தான் வந்தது. அதற்குப் பின் பல ஆண்டுகள் கடல் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடவில்லை.

"இப்பப் பயமில்லையா, பாட்டிம்மா?" என்றான் மகன்.

"பயந்தான். பாக்காம இருந்தாப் பயம் போயிடுமா?"

அதன்பின் திட்டம் முதலிலிருந்து எழுதப்பட்டது. இம்முறை உம்மாவின் முழங்காலை நடுவில் வைத்து அதனைச் சுற்றி எழுதப்பட்டது எனலாம்.

முதலில் விழுந்தது மாலைக் கடற்கரை. படங்களில் காணும் கடற்கரை மாலைகள் பெரும்பாலும் மேற்குக் கரைக்குரியவை. அங்கே கதிரவன் கடலில் இறங்குகிறான். நம் கரையில் அவன் கடலிலிருந்து எழுகின்றவன். மாலையில் நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் மறைந்துபோவான். வெள்ளிக் கடற்கரை மாலையில் கூட்டத்தின் சொத்து. சுப்ஹுக்குப் பின் அது யாருடைய சொத்துமன்று. நடைப்பயிற்சி செய்வோர் சிலரும் மீனவரும் தவிர எவரும் இரார், வெயிலும் இராது. எனவே முந்தின இரவே கடலூரில் தங்கி, சுப்ஹு தொழுத கையோடு கடற்கரைக்குச் சென்று, எட்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுவது என்று தீர்மானமாயிற்று.

விடுதி தேடும் படலம் நான்கு நாட்கள் நீடித்தது. ஒரு விடுதியில் மின்தூக்கி உண்டென்றார்கள். அது ஓடுகிறதா என்று மகள் திருப்பிக் கேட்டபோது, பழுது பார்க்க ஆள் வரவேண்டும் என்றார்கள். இன்னொன்றில் தரைத்தள அறை இருந்தது. உட்காரும் வசதியுள்ள மேலைநாட்டுக் கழிப்பறை இல்லை. முழங்கால் மடங்காதவர்களுக்கு இது அற்பச் செய்தியன்று. பயணத்தின் தலைவிதியே இதில்தான் இருக்கிறது. மூன்றாவதில் இரண்டும் அமைந்தன. வாடகை சற்று மிகுதி. மகன் கோட்டையைப் பார்க்க ஆட்டோ வேண்டாம், நடந்தே போவோம் என்று ஈடுசெய்ய முன்வந்தான்.

தொழுகையைப் பற்றிய ஆலோசனையும் சுவையானதே. உம்மா ஷாஃபி மத்ஹபு. லால்பேட்டைப் பக்கம் பிறந்த துணைவியார் ஹனஃபி. பயணமென்றால் லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுதுவிடலாமே என்று மகள் உம்மாவின் மத்ஹபைத் துணைக்கழைத்தாள். ஹனஃபி வழியில் அவ்வாறு சேர்ப்பதில்லை என்று தாயார் மறுத்தார். நீண்டிருக்கக்கூடிய இந்த வழக்கை உம்மா ஒரே சொல்லில் முடித்தார்கள்: "கடலூர் என்ன, சஃபர் தூரமா?" ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்டாலன்றிப் பயணச் சலுகை இல்லை, கடலூரோ அதில் பாதியைச் சற்றே தாண்டுவது. ஆகவே எல்லாத் தொழுகையும் அதனதன் நேரத்தில், முழுமையாக. நண்பகலில் நான்கு சுவர்களும் தண்ணீரும் உள்ள இடத்தில் இருந்தாக வேண்டும் என்பது திட்டத்தின் சட்டமாயிற்று. வெயிலும் அதையேதான் சொன்னது.

பிச்சாவரத்தை என்ன செய்வது? அதை விட்டுவிட மகனுக்கு மனமில்லை. சிதம்பரத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த உப்பங்கழிக் காடு. வெண்கண்டலும் சுரபுன்னையும் நீரில் கால் பரப்பி நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரத்தை இன்று ஊருக்குள் தேடினால் கிடைப்பது அரிது. பிச்சாவரத்துக் கழியோரங்களில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு; ஆகவே கிளையை ஒடிக்கக் கூடாது என்று மகனுக்கு இப்போதே சொல்லிவைத்தோம். 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தால் இக்காட்டைத் தமிழகம் அறிந்தது. 2004இல் ஆழிப்பேரலையின் வேகத்தைத் தன்மேல் வாங்கி, பின்னாலிருந்த சிற்றூர்களைக் காத்தது இக்காடே. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. எந்திரப் படகு அகன்ற கழியோடு நின்றுவிடும். கிளைகள் கூரைபோற் கவிந்த குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகே நுழையும் என்பதால் அதையே அமர்த்துவதென்று முடிவு.

படகில் இறங்கும்போது கால் ஊன்றுமிடம் ஆடும்; அது உம்மாவுக்கு ஆகாது. "அது கடல் இல்ல, கழி, நீங்க போயிட்டு வாங்க" என்று அவர்களே விலகிக்கொண்டார்கள். இங்கேதான் துணைவியாரின் அறிவு வேலை செய்தது. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு பிச்சாவரம் போய்ப் படகேறிவிட்டு, லுஹருக்கு வீட்டுக்கே திரும்பிவிடுவோம். இங்கேயே தொழுது, உண்டு, சிறிது கண்ணயர்ந்து, அஸருக்குப் பின் உம்மாவோடு கடலூர் புறப்படுவோம் என்றார்.

"சுற்றுலா போய்விட்டு மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வருவதா? யாரிடமாவது சொல்ல முடியுமா?" என்று மகன் வெகுண்டான். சொல்லத் தேவையில்லை என்று பதிலளித்தோம். கோவா சென்றவனுக்கு இந்த வசதி வாய்க்குமா? கூப்பிடு தூரத்திலிருக்கும் ஊரைப் பார்ப்பதில் உள்ள பெரும்பேறே இதுதான் என்பது நமது துணிபு. வழியில் கிள்ளைத் தைக்காலையும் அவனுக்குக் காட்டுவதாக ஒப்புக்கொண்டோம். மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது அங்குள்ள தர்காவில் முஸ்லிம்கள் மரியாதை செய்து வழிவிடுவது நெடுநாளைய வழக்கம்.

இனிப் பரங்கிப்பேட்டை. இரண்டாம் நாள் காலையில் கடலைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் நண்பகலுக்கு அங்கே சேர்வது என்று உம்மாவே வரிசையை அமைத்தார்கள். முதலிலேயே போய்விட்டால் என்ன என்று கேட்டதற்கு, "பாத்துட்டுப் போனாத்தான லாத்தாகிட்டச் சொல்லலாம்" என்றார்கள். லாத்தா என்பது நம் பெரியம்மா, வயது 83, உம்மாவைப் போலவே கடல் காணாதவர்கள். பெரியம்மாவிடம் அங்கே போய் அமர்ந்து கதை சொல்ல வேண்டும் என்பது உம்மாவின் உள்ளக்கிடக்கை.

பிள்ளைகளுக்கு அவ்வூரில் காட்டவேண்டியவை பல. வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின் உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் வெளிவரத் துணைநின்ற அபுல் காசிம் மரைக்காயரின் ஊர் அது. அச்செய்தியைப் பள்ளிப் பாடத்தில் படித்த மகள், அது பாட்டியின் ஊர் என்று எண்ணிப் பார்த்ததில்லையாம். பாடநூலுக்கும் பாட்டி வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள். அச்சேயிலும் கெடாவிலும் விலைபோன துணிகள் அங்கிருந்து கப்பலேறின. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830இல் சேலத்து இரும்புத் தாதைக் கொண்டு அங்கே உருக்காலை நிறுவினார். 1781 ஜூலை 1ஆம் நாள் ஹைதர் அலியின் பெரும்படை அயர் கூட்டின் படையிடம் பின்வாங்கியதும் அவ்வூரின் அருகில்தான். அதற்குச் சில நாட்கள் முன்னர், ஹைதரின் காவற்படை தங்கியிருந்த சிதம்பரம் கோயில் மதிலைத் தாக்கிய அதே கூட் தோற்றுத் திரும்பினார் என்பதைச் சிதம்பரத்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வளவையும் ஒரு நண்பகலில் காட்ட இயலாது. மீராப்பள்ளியைப் பார்த்து, வெள்ளாற்று முகத்துவாரத்தில் அன்னன்கோயில் மீன்துறையை எட்டிப் பார்த்தால் போதும். எஞ்சியதைப் பெரியம்மாவின் திண்ணையில் அமர்ந்தே பேசிக்கொள்ளலாம்.

இத்தோடு முடிந்ததென்று எண்ணி மகள் தாளை மடித்து வைத்தாள். அன்றிரவு உம்மா பெரியம்மாவோடு தொலைபேசியில் பேசினார்கள். செய்தியைச் சொல்லாமல் வைத்திருந்து நேரில் வியப்பூட்டுவதாகத்தான் எண்ணம். இரண்டு நிமிடத்துக்குமேல் அது நிற்கவில்லை. மறுமுனையில் எழுந்த குரல் கூடமெங்கும் கேட்டது.

"என்ன விட்டுட்டு நீ மட்டும் எப்படிப் பாப்ப?"

ஆகவே திட்டம் மூன்றாம் முறை எழுதப்பட்டது. சனிக்கிழமை அஸருக்குப் பின் புறப்படும் வண்டி, பு.முட்லூரில் கிழக்கே திரும்பிப் பரங்கிப்பேட்டைக்குள் சென்று, பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு, பின்னர் கடலூர் செல்லும். பெரியம்மாவைத் தனியே அனுப்ப இயலாதென்று அவர்களுடைய மருமகளும் சேர்ந்துகொண்டார். காருக்குப் பதில் வேன் பேசப்பட்டது. வேனில் இடமிருப்பதையறிந்து எதிர்வீட்டுத் தலைமையாசிரியை அம்மையாரும் வந்து கேட்டார். சேலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து 40 ஆண்டுகளாகியும் அதிகாலைக் கடலைப் பார்த்ததில்லையாம். ஐவர் எண்மராயினோம். விடுதியில் இன்னோர் அறை எடுக்க நேர்ந்தது. தரைத்தளத்திலேயே கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சாலையிலிருந்து அலைவாய் வரை மணல் கால் புதையுமளவு ஆழமானது. அதில் முதியோர் நடப்பதெப்படி என்பது இறுதிச் சிக்கல். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியின் மேல் கட்டிக் கொண்டுபோவது. பத்தடிக்கு ஒருமுறை நாற்காலியைப் போட்டு அமர்த்தி, மூச்சு வாங்கியதும் மீண்டும் நடப்பது என்று மகன் வழி சொன்னான். நாற்காலி தூக்கும் பொறுப்பையும் ஏற்றான். அலையில் கால் நனைக்க வேண்டுமென்று இருவரும் விரும்பினால்? ஈரமணல் கெட்டியானது, மகளும் பெரியம்மாவின் மருமகளும் பக்கத்துக்கொருவராகப் பிடித்துக்கொள்வார்கள். மாற்றுடை இரண்டு தனிப்பையில் இருக்கும். கட்டுச்சோறு வேண்டியதில்லை; பெரியம்மா வீட்டில் ஞாயிறு நண்பகலுக்கு நெய்ச்சோறும் இறால் ஆணமும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. சமைப்பவர்களே கடலூரில் இருக்கும்போது யார் சமைப்பது என்று துணைவியார் கேட்டார். பெரியம்மாவின் மகனார் தாமே சமைப்பதாக வாக்களித்துள்ளார். அதைப் பற்றிப் பெண்கள் தமக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

தை மாதத்து மூன்றாவது சனிக்கிழமை புறப்பாடு, இன்ஷா அல்லாஹ். ஊருக்குள் வண்டி நுழைந்து திரும்ப நேரமாகுமே, முட்லூர்ச் சாலை முனைக்கு வந்து காத்திருக்கட்டுமா என்று பெரியம்மா நேற்று மறுபடியும் கேட்டார்கள். வேண்டாம், வாசலுக்கே வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.